4கே கேமிங்: என்விடியாவா, ஏஎம்டியா? காரைக்காலில் இருந்து கார்டு வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

நாகை, மயிலாடுதுறை பக்கம் இருந்து பெட்ரோல் போட காரைக்காலுக்கு வண்டி வருவது புதிதல்ல. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வாட் வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். ஆனால், கேமிங் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பினால் அந்தச் சலுகை எல்லாம் கிடையாது. சென்னையில் வாங்கினாலும் காரைக்காலில் வாங்கினாலும் அதே 18 சதவீத ஜிஎஸ்டிதான். போதாக்குறைக்கு, கார்டு பழுதானால் பெரிய நகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒரு நல்ல பைக்கின் விலைக்கு விற்கும் பொருள் இது. அதனால்தான் 'என்விடியாவா, ஏஎம்டியா' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு விவாதமாகிறது. இரண்டில் எது பெஸ்ட்? 4கே கேமிங்குக்கு உண்மையில் என்ன தேவை? விலை ஏன் இறங்குவதே இல்லை? பார்க்கலாம்.

4கே என்றால் ஏன் இவ்வளவு செலவு?

சாதாரண ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் இது சுமார் 83 லட்சம், அதாவது சரியாக 4 மடங்கு. கேம் ஓடும்போது இந்த 83 லட்சம் புள்ளிகளையும் விநாடிக்கு 60 முறையோ, 120 முறையோ புதிதாக வரைய வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

இடையில் 1440பி என்று ஒரு ரகம் இருக்கிறது. அதில் சுமார் 37 லட்சம் புள்ளிகள், 4கே-யில் பாதிக்கும் குறைவு. 27 இன்ச் மானிட்டர் வரை இதுவே பலருக்குத் தாராளம். 1440பி-க்கு இறங்கினாலே கார்டு செலவில் பெரிய தொகை குறைந்துவிடும். எனவே பிராண்டை முடிவு செய்யும் முன் திரையை முடிவு செய்வது நல்லது.

வீட்டில் இருக்கும் 4கே டிவியிலேயே இணைத்து விளையாடப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல டிவிக்கள் 60 ஹெர்ட்ஸ் வகை. அவற்றில் விநாடிக்கு 60 காட்சிகளுக்கு மேல் தெரியாது. கார்டு 140 காட்சிகளைத் தயாரித்தாலும் மீதி வீண்தான். 120 ஹெர்ட்ஸ் டிவியும், எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும், அதற்கேற்ற கேபிளும் இருந்தால்தான் விலை உயர்ந்த கார்டுக்கு அர்த்தம் உண்டு.

களத்தில் யார் யார்?

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் அடுத்தடுத்து புதிய தலைமுறை கார்டுகளை இறக்கின. 4கே கேமிங்கில் நேருக்கு நேர் மோதுபவை இந்த இரண்டும்தான்:

• என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: 2025 பிப்ரவரி 20-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 749 டாலர். இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட தொடக்க விலை ரூ.80,000. மெமரி 16 ஜிபி. மின்தேவை 300 வாட்.

• ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: 2025 மார்ச் 6-ல் வந்தது. அறிவிக்கப்பட்ட விலை 599 டாலர். மெமரி 16 ஜிபி. மின்தேவை 304 வாட்.

அறிவித்த விலைப்படி பார்த்தால் ஏஎம்டி கார்டு 20 சதவீதம் மலிவு. ஆனால் அறிவித்த விலை வேறு, கடை விலை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

இதற்கு மேலே ஆர்டிஎக்ஸ் 5080, 5090 என்று என்விடியாவுக்கு இரண்டு படிகள் உண்டு. 5090-ன் இந்திய தொடக்க விலை ரூ.2,14,000. இந்த உயரத்தில் ஏஎம்டி போட்டிக்கே வரவில்லை. மூன்றாவது ஆளான இன்டெல், 2024 டிசம்பரில் ஆர்க் பி580 கார்டை 249 டாலருக்குக் கொண்டு வந்தது. 12 ஜிபி மெமரி; 1440பி-க்கு நல்ல சாய்ஸ். ஆனால் புதிய, கனமான கேம்களை 4கே-யில் ஓட்டும் அளவுக்கு அதில் வலு இல்லை.

எதில் யார் முன்னிலை?

வழக்கமான கேம்களில் 5070 டிஐ-க்கும் 9070 எக்ஸ்டி-க்கும் வித்தியாசம் மிகக் குறைவு. சில கேம்களில் இது முந்தும், சிலவற்றில் அது முந்தும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ரே டிரேசிங்கில் நிலைமை மாறுகிறது. ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதை நிஜம் போலவே கணக்கிட்டுக் காட்டும் முறை இது. ஏஎம்டி இந்தத் தலைமுறையில் நிறையவே முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் 'சைபர்பங்க் 2077', 'ஆலன் வேக் 2' போன்ற கேம்களில் ரே டிரேசிங்கை உச்சத்தில் வைத்தால் என்விடியா தெளிவாக முன்னிலை வகிக்கிறது.

அடுத்தது அப்ஸ்கேலிங். 4கே-யில் முழுப் படத்தையும் வரைவது கார்டுக்குச் சுமை. அதனால் குறைந்த அளவில் வரைந்து, ஏஐ உதவியுடன் 4கே ஆகப் பெரிதாக்கும் உத்தியை இரு நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. என்விடியாவில் இதன் பெயர் டிஎல்எஸ்எஸ். ஏஎம்டியில் எஃப்எஸ்ஆர் 4. படத்தின் தரத்தில் எஃப்எஸ்ஆர் 4 இப்போது டிஎல்எஸ்எஸ்-க்கு வெகு அருகில் வந்துவிட்டது. ஆனால் எத்தனை கேம்களில் கிடைக்கிறது என்று எண்ணினால் டிஎல்எஸ்எஸ் கைதான் ஓங்கியிருக்கிறது. அடிக்கடி விளையாடும் நாலைந்து கேம்களில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது புத்திசாலித்தனம்.

விளம்பரங்களில் வரும் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' என்ற வார்த்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். வரைந்த ஒரு காட்சிக்கு ஏஐ மேலும் பல காட்சிகளைத் தயாரித்துச் சேர்ப்பதால் எண்ணிக்கை எகிறும். ஆனால் மவுஸை அசைத்ததும் திரை அசையும் வேகம் அதனால் கூடாது. 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய பயனும் இல்லை.

கேமிங்கைத் தாண்டி வேலைக்கும் பயன்படுத்துவீர்களா? இங்கே என்விடியாவுக்குத்தான் சாதகம். ஏஐ, 3டி அனிமேஷன் மென்பொருட்கள் பலவும் அதன் 'குடா' தொழில்நுட்பத்தை நம்பியே எழுதப்பட்டவை. ஏஎம்டியின் மாற்று வளர்ந்து வந்தாலும், செட்டப் செய்யக் கூடுதல் பொறுமை வேண்டும். காரைக்கால் திருவேட்டக்குடியில் இயங்கும் புதுச்சேரி என்ஐடி-யில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு, விலை வித்தியாசத்தை விட இது முக்கியமான காரணமாக இருக்கலாம்.

ஒரே பெயர், இரண்டு கார்டு: உஷார்

பிராண்டை விட பெரிய ஏமாற்றம் மெமரியில்தான் காத்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகளில் வருகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படியே. பெயர் ஒன்றுதான், பெட்டியில் சின்ன எழுத்தில் மட்டும் வித்தியாசம்.

4கே-யில் இன்றைய பெரிய கேம்கள் 8 ஜிபி-யை எளிதாகத் தாண்டிவிடும். தாண்டினால் காட்சி தடுக்கித் தடுக்கி ஓடும், சுவர், தரையின் படங்கள் மங்கலாகும். கம்ப்யூட்டர் ரேம் போல இதைப் பிறகு கூட்டிக்கொள்ள வழியே இல்லை. 4கே-தான் இலக்கு என்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் 16 ஜிபி-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

விலை ஏன் இறங்கவில்லை?

இரு பிராண்டுகள் மோதிக்கொண்டால் விலை குறைய வேண்டும் என்பதுதானே வழக்கம்? இங்கே அது நடக்காததற்கு முக்கியமான காரணம் ஏஐ.

2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 130.5 பில்லியன் டாலர். அதில் கேமிங் மூலம் வந்தது சுமார் 11.4 பில்லியன் மட்டுமே, அதாவது 9 சதவீதத்துக்கும் குறைவு. 115 பில்லியன் டாலர் டேட்டா சென்டர்களிடம் இருந்து வந்தது. கேமர்கள் ஒரு காலத்தில் முதல் வரிசை வாடிக்கையாளர்கள். இப்போது பின் வரிசைக்குப் போய்விட்டார்கள்.

மெமரி சிப்பிலும் இதே கதைதான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பகுதி மெமரியைத் தயாரிக்கின்றன. ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. 2025 டிசம்பர் 3-ல் மைக்ரான் ஒரு படி மேலே போய், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தனது 'குருஷியல்' பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. மெமரி விலை ஏறினால் 16 ஜிபி கார்டின் விலையும் சேர்ந்து ஏறும். என்விடியா, ஏஎம்டி இரண்டுக்கும் இது பொருந்தும்.

போட்டியும் சமமாக இல்லை. 2025-ன் இரண்டாம் காலாண்டில் உலக அளவில் அனுப்பப்பட்ட டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டுகளில் 94 சதவீதம் என்விடியாவுடையது என்கிறது ஜான் பெடி ரிசர்ச் நிறுவனம். ஏஎம்டியின் பங்கு 6 சதவீதம்தான். இதனால் சின்ன ஊர்க் கடைகளில் ஏஎம்டி கார்டு ஸ்டாக் இருப்பதே அபூர்வம். மலிவு என்று நினைத்துப் போனால் 'ஆர்டர் போட்டுத் தர்றோம்' என்ற பதில்தான் வரும்.

காரைக்கால் கணக்கு: வரி, வாரண்டி

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன், மாநிலத்துக்கு மாநிலம் வாட் மாறியது. இப்போது கிராபிக்ஸ் கார்டுக்கு நாடு முழுவதும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் அமலான வரிக் குறைப்பில் பெரிய டிவி, மானிட்டர்களுக்கான வரி 28-ல் இருந்து 18 சதவீதமானது. கார்டுக்கு எந்த மாற்றமும் இல்லை.

எனவே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை சுமார் 300 கி.மீ. போவதில் வரி லாபம் இல்லை. பேரம் பேசலாம், கையில் பார்த்து வாங்கலாம், அவ்வளவுதான். 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில்லும் சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போக முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கார்டில் இருக்கும் சிப் மட்டும்தான் என்விடியாவோ ஏஎம்டியோ தருவது. கார்டைத் தயாரித்து வாரண்டி தருவது ஆசஸ், ஜிகாபைட், ஜோடாக், சஃபையர் போன்ற நிறுவனங்கள். ஆசஸ், ஜிகாபைட் இரு சிப்புகளிலும் கார்டு செய்கின்றன. ஜோடாக் என்விடியா மட்டும், சஃபையர் ஏஎம்டி மட்டும். பழுதானால் நீங்கள் போய் நிற்கப்போவது பெட்டியில் பெயர் உள்ள நிறுவனத்தின் வாசலில். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

• அருகில் சர்வீஸ் சென்டர் எங்கே? இணையதளத்தில் 'புதுச்சேரி' என்று தேடினால் சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரி நகரத்தைத்தான் காட்டும். திருச்சி, தஞ்சாவூரையும் தேடிப் பாருங்கள்.
• கூரியரில் அனுப்பினால் செலவு யாருடையது?
• வாரண்டி எத்தனை ஆண்டு? ஆன்லைனில் பதிவு செய்தால் கூடுதல் காலம் உண்டா?

சிங்கப்பூர், வளைகுடா, பிரான்ஸ் என்று உறவினர்கள் இருக்கும் ஊர் காரைக்கால். அங்கிருந்து மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வரும் கார்டு மலிவாகத் தெரியலாம். ஆனால் பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டில்தான் செல்லும். வரியில்லா வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் சுங்க வரியும் கட்ட வேண்டும்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

கரன்டும் உப்புக்காற்றும்

300 வாட் கார்டில் தினமும் 4 மணி நேரம் விளையாடினால், கார்டு மட்டும் மாதம் 36 யூனிட் எடுக்கும். இரு பிராண்டுக்கும் இடையே உள்ள 4 வாட் வித்தியாசம் மாதத்துக்கு அரை யூனிட் கூட வராது. எனவே கரன்ட் பில்லை வைத்து பிராண்ட் தேர்வு செய்யத் தேவையில்லை. 575 வாட் எடுக்கும் 5090 என்றால் மட்டும் கணக்கு 69 யூனிட் ஆகிவிடும்.

கவலைப்பட வேண்டியது மின்தடையைப் பற்றித்தான். வீடுகளில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். 4கே கேம் ஓடும்போது மொத்த கம்ப்யூட்டரும் 450 வாட்டைத் தாண்டலாம். கரன்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1,000 விஏ அல்லது அதற்கு மேல் தேவை. உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் தரமான 750 வாட்டாக இருக்க வேண்டும்.

கடலோர ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் எந்த பிராண்டையும் விட்டுவைக்காது. உலோக முனைகள் அரிக்கும், தூசி ஈரத்தோடு சேர்ந்து ஃபேனில் அப்பும். கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காமல், கேபினட்டில் தூசி ஃபில்டர் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது கார்டின் ஆயுளைக் கூட்டும். 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இந்தப் பகுதிக்கு மறக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கைக் கழற்றி, கேபினட்டைத் தரையில் இருந்து உயரே வைத்துவிடுங்கள்.

சரி, எதை வாங்கலாம்?

• கேம் மட்டும்தான், அதில் ரே டிரேசிங் பெரிதாக வேண்டாம். கடை விலையில் வித்தியாசமும் 15 முதல் 20 சதவீதம் இருக்கிறது என்றால் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. மிச்சமாகும் பணத்தில் நல்ல யுபிஎஸ் வாங்கிவிடலாம்.
• படிப்பு, எடிட்டிங், ஏஐ வேலையும் உண்டு, அல்லது விலை வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் சுருங்கிவிட்டது என்றால் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ.
• பட்ஜெட் இவை இரண்டுக்கும் எட்டவில்லையா? 8 ஜிபி கார்டை வாங்கி 4கே-யில் திணறுவதை விட, 1440பி மானிட்டரும் 16 ஜிபி மெமரி உள்ள 9060 எக்ஸ்டி அல்லது 5060 டிஐ-யும் போதும்.

இரண்டு கார்டுக்கும் இடையே உள்ள சில ஃபிரேம் வித்தியாசம் வாங்கிய ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஆனால் பழுதான கார்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு, பில் இல்லாமல் பஸ் ஏறி அலைந்தால் அது லேசில் மறக்காது. காரைக்காலில் இருந்து வாங்குபவர் பிராண்ட் பெயரைப் பார்க்கும் முன், பில்லையும் வாரண்டி அட்டையையும் பார்ப்பதுதான் சரியான வரிசை.