புற்றில் முளைத்தால் போதுமா?

சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்கள் பூசிக்கொண்டு, வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள். அந்த மரியாதை காளானுக்கும் நீண்டுவிட்டதோ என்னவோ, இடிமழைக்குப் பிறகு புற்றில் வெள்ளையாக முளைத்தால் கண்ணை மூடிக்கொண்டு குழம்பு வைக்கலாம் என்ற பேச்சு ஊர்ப்பக்கம் உண்டு.

பாதி உண்மை. கறையான் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் போட்டு வளர்க்கிறது. புற்றுக்காளான் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பேரினத்துக்கு 1942-இல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம். தென்னிந்தியக் காளான் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்து, 1979-இல் ஹெய்மி என்று அறிவித்தவர் நடராஜன்.

ஆனால் புற்றில் நிற்பதெல்லாம் அந்தக் குடும்பமில்லை. கறையான் கைவிட்ட புற்றில் சைலேரியா கறுத்த விரல்போல் நீளும். பக்கத்துப் புல்தரையிலோ குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் குடை விரிக்கும். வெள்ளைவெளேர் என்றிருக்கும், தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான். வெள்ளை நிறத்தை நம்புகிறவரை ஏமாற்ற இதுவே போதும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விரிந்த குடையின் காம்பை நறுக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தால் குளோரோஃபில்லம். புற்றுக்காளானின் தூள் வெளிர் ரோஜா நிறம். பச்சை இல்லை என்பதற்காகச் சட்டியில் போட்டுவிடக்கூடாது. அமானிட்டா விஷக்காளானின் தூள் வெள்ளை.

பிடுங்காமல் தோண்டிப் பார்ப்பதும் உதவும். ஹெய்மியின் காம்பு வேர்போல் மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும். அமானிட்டாவின் அடியில் கிண்ணம்போல் ஓர் உறை இருக்கும். பிடுங்கினால் அது மண்ணோடு நின்றுவிடும். இந்த வேர்க்கணக்கும் பொடிக்காளானிடம் செல்லாது. மைக்ரோகார்ப்பஸ் என்ற அந்தப் புற்றுக்காளான் சிறுசு, கறையான் வெளியே கொண்டுவந்து போட்ட தோட்டத் துணுக்கிலிருந்து கூட்டங்கூட்டமாக முளைப்பது. அதற்கு நீள வேர் கிடையாது.

பூச்சி அரித்தால் நல்லது என்பார்கள். நத்தை தின்னும் அமானிட்டா மனிதரைக் கொல்லும். வெள்ளிக்காசு, பூண்டு கறுக்கும் சோதனையெல்லாம் வெறும் கதை.

கொதித்தால் விஷம் முறியும் என்பதுதான் மோசமான நம்பிக்கை. அமானிட்டாவின் அமாடாக்சின் அடுப்புச் சூட்டுக்கு அசையாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். அமாடாக்சின் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியாகத் தலைகாட்டும். பிறகு ஒருநாள் தெளிந்ததுபோலிருக்கும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.