இரவல் தெரு

2005 அக்டோபர். பாரிஸை ஒட்டிய கிளிஷி-சு-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பையன்கள் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். புறநகர்கள் பற்றி எரிந்தன. ஏன் எரிகிறதென்று ஊடகங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று அலெக்ஸ் சான் என்கிற இளைஞருக்குக் கோபம். சினிமா அனுபவம் கிடையாது. ‘தி மூவீஸ்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளேயே பொம்மைகளை நடக்கவிட்டு, சில நாட்களில் ‘தி ஃப்ரெஞ்ச் டெமாக்ரசி’ என்று 13 நிமிடப் படம் எடுத்துவிட்டார். விளையாட்டில் பாரிஸே இல்லை. நியூயார்க் ரயிலையே பாரிஸ் ரயிலாக ஓட்டினார். மெஷினிமா என்கிறார்கள் இதை.

திண்டுக்கல் டீக்கடையில் நம்ம பசங்க செல்போனில் சுட்டுத் தள்ளுகிறார்கள். எட்டிப் பார்த்தேன். பங்களா, ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கு. சேரி இல்லை, பறை இல்லை, தோல்ஷாப் இல்லை. (நாத்தம் எந்த மெஷினிலும் வராது, அது வேற.)

2022இல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பை இப்படியொரு உலகத்தில் நடத்தி, செத்துப்போன மாமனாரையே பொம்மையாக வரவழைத்தார்கள். அப்படியென்றால் 1997 ஜூன் 30இல் மேலவளவில் மறிக்கப்பட்ட அந்த பஸ்ஸை நாம் ஏன் வரவழைக்கக் கூடாது? பஸ் அமெரிக்க பஸ்ஸாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். கம்பெனி விளையாட்டை மூடினால் தெருவும் போச்சு. எடுத்ததை உடனே தனியாகப் பதிந்து வையுங்கள், தோழர்களே.