பட்டையும் பகுத்தறிவும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சந்தையில் அண்மையில் ஒரு போத்தல் விலை கூறப்பட்டது. மூளையைப் பற்றும் காய்ச்சல் எதுவும் அதைக் குடித்தவரை அண்டாதாம். சித்தர்கள் மறைத்து வைத்த இரகசியமாம்! கடற்றொழிலாளி ஒருவரின் மகன், நம் வகுப்பு மாணவன், "ஐயா, இது மெய்யா?" என்று நம்மிடம் கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையை ஊரறியச் சொல்வதும் நம் கடனே.

மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி கட்டுக்கதையன்று. பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமி குடிபுகுந்த செங்குருதிக் கலங்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குருதியோட்டம் தடைப்படுகிறது, நோயாளி வலிப்புற்று நினைவிழக்கிறான். 1934-35 இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கி, நுளம்பு பெருகியபோது, இத்தீவில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களை வாரிச் சென்றது. பட்டினியால் மெலிந்த ஏழை மக்களையே அது முதலில் தேடிச் சென்றது.

அப்படியாயின் மூலிகை பொய்யா? ஒருபோதும் இல்லை. தென்னமெரிக்க மலைவாழ் மக்களின் நிலத்தில் விளைந்த சின்கோனாப் பட்டையிலிருந்தே 1820 இல் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். சீனத்தின் து யூயூ அம்மையாரோ, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூலொன்றில், ஒருவகை மாசிபத்திரியை நீரில் ஊறவைத்துப் பிழியும்படி கூறியிருந்ததைக் கண்டார். வெப்பம் மருந்தைக் கெடுக்கிறது என ஊகித்து, தாழ்ந்த வெப்பநிலையில் ஈதரைக்கொண்டு சாறெடுத்தார். 1971 இல் அச்சாறு எலிகளின் உடலிலிருந்த கிருமிகளை முற்றாக ஒழித்தது. நோயாளருக்குக் கொடுக்குமுன் அதைத் தாமே அருந்திச் சோதித்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்த கதை இது. 2015 இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

இம்மருந்து மூளைக்கு வலுவூட்டும் இலேகியமன்று. கிருமியின் இளம்பருவத்திலேயே, அது குழாய்ச் சுவரில் ஒட்டுமுன்னரே, அதைக் கொல்கிறது. மூளை காக்கப்படுவது இதனாலேயே. கடும் மலேரியா நோயாளர் 1,461 பேரிடம் ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2005 இல் வெளியாயிற்று: கொயினா பெற்றோரில் நூற்றுக்கு 22 பேர் மாண்டனர், இம்மூலிகையின் வழிவந்த ஆர்ட்டெசுனேற்றுப் பெற்றோரில் 15 பேர். ஒரு கொடியோ செடியோ தன் பெருமையை நிலைநாட்டும் வழி இதுதான்.

இங்கே இரு சாராரை நாம் எதிர்க்கிறோம். "எல்லாம் நம் ஏட்டில் உண்டு" என்று மார்தட்டி ஏட்டைச் சோதனைக்கு அனுப்ப மறுப்போர் ஒருபுறம். அவர் அறிக: அதே சீனச் செடியின் இலையைத் தேநீராக்கிக் குடிப்பதைக்கூட உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்க மறுத்தது, அளவு நிலையற்றது, நோயும் முற்றாக நீங்காது என்பதே காரணம். கசாயத்தை நம்பிக் காத்திருக்கும் ஒருநாள், ஒரு பிள்ளையின் உயிராகலாம். பரியாரியார் என்றாலே முகஞ்சுளிக்கும் கனவான்கள் மறுபுறம். அவர்தம் உயிரைக் காக்கும் ஊசிமருந்தும் ஒரு பூண்டின் கொடையே என்பதை அவர் மறந்தனர்.

மலேரியா ஒழிந்துவிட்டதே என்பர். மெய், 2012 க்குப் பின் இங்கே தொடர்ச்சியான உள்ளூர்ப் பரவல் இல்லை, 2016 இல் சான்றும் கிடைத்தது. ஆனால் 1963 இல் வெறும் 17 ஆகச் சுருங்கிய நோயாளர் தொகை, கண்காணிப்புத் தளர்ந்ததும், 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியதே! 2016 இன் இறுதியில் மன்னாரில் புதியவகை நுளம்பும் காணப்பட்டது. கப்பல் வந்துபோகும் துறைமுகத்தார் நாம் உறங்கலாமா?

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அங்கேயே ஆய்வுகூடமும் சித்தரேடும் ஒரே மேசையில் அமரட்டும். நிலவேம்பு முதலாக நம் மூலிகைகள் ஒவ்வொன்றும் சோதிக்கப்படட்டும். வெற்றியோடு தோல்வியும் தமிழில் அச்சேறட்டும். அதுவரை, காய்ச்சல் கண்டவன், அதிலும் கடல்கடந்து வந்தவன், முதலில் குருதிச் சோதனைக்குச் செல்லட்டும்.

அந்தப் போத்தலை வாங்க வேண்டாமென்றே மாணவனிடம் கூறினோம். "அப்படியென்றால் அதற்குள் என்னதான் இருக்கிறது, ஐயா?" என்றான். அக்கேள்வியை அவன் கைவிடாதிருக்கட்டும். முன்னோரை மதிக்கும் வழி அதுவே.