பிறைக்கு முன்னே கொடுங்கள்!

மாலை ஆறரை மணி. திண்டிவனம் நேரு வீதியில் கூட்டம் அலைமோதுகிறது. வளையல் கடையில் பேரம். செருப்புக் கடையில் பேரம். ஜவுளிக் கடை வாசலில் குழந்தைகளின் கூச்சல். அத்தனை வியாபாரத்துக்கு நடுவிலும் ஒவ்வொருவரும் அடிக்கடி மேற்கே திரும்பிப் பார்க்கிறார்கள்.

அது செஞ்சி மலைகள் இருக்கும் திசை. சூரியன் இறங்கிவிட்டது. வானத்தின் சிவப்பு இன்னும் போகவில்லை. அந்தச் சிவப்புக்குள்ளே, நகத்தை நறுக்கிப் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கீற்று தெரிய வேண்டும். தெரிந்தால், நாளை ரம்ஜான் பெருநாள். தெரியாவிட்டால், நாளையும் நோன்பு.

"பாய், பிறை தெரிந்ததா?" என்று கேட்கிறார் பூக்காரம்மா.

அவருக்கும் அது தெரிய வேண்டும். நாளை பெருநாள் என்றால், இன்று இரவே கூடை காலியாகிவிடும். இல்லையென்றால் மீதிப் பூவைத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

தீபாவளியின் தேதி காலண்டரிலேயே இருக்கிறது. பொங்கலும் அப்படியே. கிறிஸ்துமஸ் என்றைக்கும் டிசம்பர் 25-தான். ஆனால் ரம்ஜானுக்கு முதல் நாள் இரவு எது என்பது அந்த இரவு வந்த பிறகே தெரியும்! உர்தூ பேசும் குடும்பங்கள் இதை "சாந்த் ராத்" என்று சொல்கின்றன. சாந்த் என்றால் சந்திரன். ராத் என்றால் இரவு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் "பிறை ராத்திரி" என்பார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இரண்டு பேச்சும் காதில் விழும்.

29-ஆ, 30-ஆ?

சந்திரனைக் கொண்டு எண்ணும் மாதம் ஏறக்குறைய 29 நாள், 12 மணி, 44 நிமிஷம். அரை நாளைத் தனியாக எண்ண முடியாது. ஆகவே ஒரு மாதம் 29 நாளில் முடியும். இன்னொரு மாதம் 30 நாள் போகும். அதைச் சொல்வது பிறைதான். 29-ம் நோன்பு மாலையில் பிறை கண்ணில் பட்டால் நோன்பு முடிந்தது. படாவிட்டால் 30-ஐப் பூர்த்தி செய்ய வேண்டும்.

2024-ல் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 9-ம் தேதி 29-ம் நோன்பு. கேரளத்தில் பிறை தெரிந்தது. அங்கே 10-ம் தேதி பெருநாள். தமிழ்நாட்டில் தெரியவில்லை, இங்கே 11-ம் தேதி பெருநாள். பாலக்காட்டில் பெண் கொடுத்தவர் வீட்டில் பிரியாணி. கோயம்புத்தூரில் பிள்ளை வீட்டில் நோன்புக் கஞ்சி! அடுத்த ஆண்டு, 2025-ல், மார்ச் 30-ம் தேதி 29-ம் நோன்பு. அன்று மாலையே தமிழ்நாட்டில் பிறை தெரிந்துவிட்டது. மறுநாள் 31-ம் தேதி பெருநாள்.

சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்தான். அதனால் பெருநாள் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. சுமார் 33 ஆண்டுகளில் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. 2000-ம் ஆண்டில் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு ரம்ஜான் பெருநாள் வந்தன. துணி வாங்கிக் கொடுத்த தகப்பன்மார்கள் அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள்!

பிறை கண்டவர் ஊர்ப் பள்ளிவாசலில் சொல்வார். அங்கிருந்து செய்தி காஜிக்குப் போகும். காஜிகளை அரசாங்கம் நியமிப்பதற்கு 1880-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தமிழக அரசின் தலைமைக் காஜி, வந்த செய்திகளைக் கேட்டு, "நாளை பெருநாள்" என்று அறிவிப்பார். முன்பெல்லாம் ரேடியோப் பெட்டியைச் சுற்றி ஒரு தெருவே உட்கார்ந்திருக்கும். இப்போது ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. இருந்தாலும் மொட்டை மாடிக்கு ஏறாத பிள்ளைகள் இல்லை. தன் கண்ணால் பிறை பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் வேறு.

சேதி வந்தது!

எட்டு மணிக்குச் சேதி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிஷமே ஊர் மாறிவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தக்பீர் முழங்கும். எங்கோ ஒரு வீட்டிலிருந்து நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரல் கேட்கும். விழுப்புரம் எம்.ஜி. ரோட்டில் நடக்க இடம் இருக்காது. தொப்பி, அத்தர், சுர்மா விற்பவர்கள் தரையிலேயே துணியை விரித்துக் கடை போட்டிருப்பார்கள்.

வீட்டுக்குள்ளே பெண்களுக்கு இது தூங்காத இரவு. ஒரு பக்கம் இஞ்சியும் பூண்டும் உரித்துக் குவிகின்றன. ஒரு பக்கம் சேமியா நெய்யில் வறுபடுகிறது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து நறுக்க வேண்டும். முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். விடியற்காலையில் பால் காய்ச்சிச் சீர் குருமா செய்ய வேண்டுமே! "சீர்" என்றால் பாரசீக மொழியில் பால். "குர்மா" என்றால் பேரீச்சம்பழம். பெருநாள் தொழுகைக்குப் போகும் முன் இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். ஒரு மாதமாகப் பகலில் தண்ணீர்கூடப் படாத நாக்குக்கு அந்த ஒரு கிண்ணம் தேவாமிர்தம்.

குழந்தைகளுக்கு மருதாணி. இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, விரல் நுனியில் தொப்பி வைத்த காலம் போய்விட்டது. (திந்திரிணி வனம் என்ற புளியங்காடுதான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அந்த ஊரில் புளிக்கா பஞ்சம்!) இப்போது கடையில் கோன் வாங்கிக் கொடியும் பூவுமாக வரைகிறார்கள். பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

இது இந்தச் சீமைக்குப் புதிது அல்ல. 1714-ல் ஆற்காட்டு நவாபுடன் போரிட்டு மாண்ட செஞ்சி தேசிங்கு ராஜனுக்கு உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம். கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து தோழனுக்காகப் போர்க்களம் போனான் என்று அவன் கதையை இன்றும் கூத்திலே பாடுகிறார்கள்.

ஒருவர் மட்டும் அன்று இரவு வரமாட்டார். நோன்பு மாதம் முழுவதும் நடுச்சாமத்தில் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு, "எழுந்திருங்கள், சஹர் நேரம்" என்று தெருத் தெருவாக எழுப்பி வந்த பக்கீர் அவர். பிறை தெரிந்த இரவில் அவருக்கு வேலை இல்லை. மறுநாள் காலையில்தான் வாசலுக்கு வருவார். அவருக்கு உரியதைக் கொடுத்து அனுப்புவார்கள்.

சென்னையிலே ஒருவர்

இந்த இரவின் கஷ்டம் வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். விழுப்புரம் பெரிய ரெயில்வே சந்திப்பு. சென்னைக்கும் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் அங்கிருந்து பாதை போகிறது. வேலைக்குப் போவது சுலபம். பெருநாளுக்குத் திரும்புவதுதான் கடினம்.

சென்னையில் ஒரு கடையில் வேலை செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். 29-ம் நோன்பு. "நாளைக்குப் பெருநாள் என்றால் போ, இல்லாவிட்டால் வேலைக்கு வா" என்கிறார் முதலாளி. எட்டு மணிக்குச் சேதி வருகிறது. கணக்கு முடித்துச் சம்பளம் வாங்க ஒன்பதரை. பஸ்ஸைப் பிடிக்கப் பத்தரை. விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் ஏறிவிடுவார். வீடு சேரும்போது இரவு இரண்டு மணி. பெண் குழந்தை கையில் மருதாணியோடு, விரல்களை விரித்தபடியே தூங்கிக்கொண்டிருப்பாள்.

28-ம் நோன்பு அன்றே அவருக்குச் சம்பளத்தைக் கொடுத்து, "இரண்டு நாள் இருந்துவிட்டு வா" என்று சொன்னால் எந்தக் கடையும் மூழ்கிவிடாது.

தையற்காரர் வீட்டிலும் இதே கதைதான். பதினைந்தாம் நோன்பில் துணியைக் கொடுத்துவிட்டு, பத்து நாளில் தைத்து வைக்கச் சொல்வார்கள். அவரும் கண் விழித்துத் தைத்து வைப்பார். துணியை எடுக்க ஆள் வருவது பிறை தெரிந்த பிறகு, இரவு பதினோரு மணிக்கு. அதுவரை கூலியும் வராது. ஊராருக்கெல்லாம் புதுச் சட்டை தைத்தவர், தன் பிள்ளைக்குச் சட்டைத் துணி வாங்க ஓடும்போது ஜவுளிக் கடை கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

பித்ரா போய்ச் சேரும் நேரம்

எல்லாவற்றுக்கும் மேலானது பித்ரா. வசதி உள்ள ஒவ்வொருவரும் பெருநாளுக்காக ஏழைக்குக் கொடுக்க வேண்டிய தர்மம் இது. குடும்பத் தலைவர் தனக்கும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஷாபி வழியில் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி. ஹனபி வழியில் கோதுமை என்றால் சுமார் ஒன்றே முக்கால் கிலோ, அல்லது அதன் விலை. ஆண்டுதோறும் அந்தந்தப் பள்ளிவாசலில் தொகையைச் சொல்லிவிடுவார்கள்.

பித்ராவுக்குக் கெடு உண்டு. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தாக வேண்டும். தொழுகைக்குப் பிறகு கொடுத்தால் அது சாதாரணத் தர்மமாகிவிடும் என்று நபிமொழி சொல்கிறது. காரணம் எளிது. ஊர் முழுவதும் சாப்பிடும் நாளில் ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாது.

ஆனால் நடப்பது என்ன? "தொழுகைக்கு முன்தானே?" என்று கடைசி நேரம்வரை வைத்திருக்கிறார்கள். பிறை தெரிந்த பிறகு பையை எடுக்கிறார்கள். சிலர் தொழுகைக்குப் போகும் வழியில் கொடுக்கிறார்கள். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. ஆனால் வாங்குகிறவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணவனை இழந்த ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். இரவு பத்து மணிக்கு அவர் கையில் பித்ராப் பணம் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் எந்தத் தையற்காரர் துணி வாங்குவார்? ரெடிமேட் கடையில் பிள்ளைகளின் அளவுச் சட்டைகள் தீர்ந்திருக்கும். கறிக்கடையில் விடியுமுன்பே வரிசை, விலையும் ஏறியிருக்கும். பூவும் பாலும் அப்படியே. ஐந்து நாளுக்கு முன் வந்திருந்தால் சட்டையாகவும் அரிசியாகவும் ஆகியிருக்கும் பணம், பெருநாள் அன்று முந்தானையில் முடிந்த நோட்டாகவே இருக்கும். பிள்ளைகள் பழைய சட்டையோடு தெருவில் நிற்பார்கள்.

முன்கூட்டிக் கொடுக்க மார்க்கத்தில் தடை இல்லை. நபித்தோழர்கள் ஒரு நாள், இரண்டு நாள் முன்பே கொடுத்ததாக ஹதீஸ் இருக்கிறது. ரமலான் மாதம் தொடங்கியதிலிருந்தே கொடுக்கலாம் என்பது ஹனபி, ஷாபி இரண்டு வழிகளிலும் ஏற்கப்பட்டது. ஆகவே பிறைக்காகக் காத்திருக்க வேண்டியது நோன்பை முடிக்க மட்டும்தான்.

ஜமாத்துகள் இதில் நிறையச் செய்யலாம். இருபதாம் நோன்புக்குள் வசூலை ஆரம்பித்து, 25-ம் நோன்புக்குள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்துவிடலாம். கேட்கிறவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கேட்க வாய் வராதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். யார் என்று தெருப் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுப் பட்டியல் போட வேண்டும்.

வீடு தேடிக் கொண்டு கொடுப்பது முடியாத காரியம் அல்ல. 2020-ல் இதே ஊர்கள் செய்து காட்டியிருக்கின்றன. அது கொரோனா ஊரடங்கு. கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக விழுப்புரம் மாவட்டத்தில் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கியது. பள்ளிவாசலில் கூடிக் கஞ்சி காய்ச்ச முடியாது. ஆகவே அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மே 25-ம் தேதி பெருநாள். பள்ளிவாசல்களின் கதவு திறக்கவில்லை. தொழுகை வீட்டிலேயே நடந்தது. முதல் நாள் இரவு நேரு வீதியிலும் எம்.ஜி. ரோட்டிலும் பெருநாள் கூட்டமே இல்லை. ஆனால் அரிசி மட்டும் எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ, அந்த வீட்டைத் தேடிப் போனது.

நகராட்சிக்கும் அன்று இரவு கொஞ்சம் வேலை உண்டு. பெண்களும் குழந்தைகளும் நள்ளிரவு வரை நடமாடும் இரவு அது. கடைத் தெருவில் மட்டும் விளக்கு எரிந்தால் போதாது. கடைத் தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் சந்துகளிலும் எரிய வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் எல்லா வீட்டிலும் குளியல் ஆரம்பமாகிவிடும். குழாயில் தண்ணீர் அதற்கு முன்னே வந்தாக வேண்டும்.