வடக்கே வருமானம், தெற்கே கடமை

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கிறது பிளாட்ஸ்பர்க். மக்கள்தொகை ஏறக்குறைய 20,000. அங்கிருந்த விமானப்படைத் தளத்தையும் 1995இல் மூடிவிட்டார்கள். இந்தச் சிறு ஊர் 1977இலிருந்து ஒரு பொதுத் தொலைக்காட்சி நிலையத்தை நடத்திவருகிறது: மவுன்டன் லேக் பிபிஎஸ். விளம்பர வருமானத்தை நம்பி இயங்கும் நிலையம் அல்ல. பார்ப்பவர்கள் பணம் கட்டித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிறகு எப்படி நடக்கிறது? விடை வடக்கே இருக்கிறது. கனடா எல்லை அரை மணி நேரப் பயணம். அதைத் தாண்டிச் சென்றால் மான்ட்ரியால் பெருநகரம். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்.

தொலைக்காட்சிக்கு ஒரு கொடுமையான பொருளாதாரம் உண்டு. மலைமேல் நிற்கும் கோபுரத்துக்கு ஆகும் செலவு, அதைப் பார்ப்பவர்கள் 20,000 பேரா 20 லட்சம் பேரா என்று கேட்டுக் குறைவதில்லை. லயன் மலையில் இருந்த இந்த நிலையத்தின் கோபுரம் 2007 ஏப்ரலில் பனிப்புயலில் சரிந்து விழுந்தது. சிற்றூர் நிலையமாக இருந்தாலும் கோபுரத்தை முழுசாகத்தானே கட்ட வேண்டும்? ஆகவே எல்லைக்கு அப்பால் இருந்து வரும் நன்கொடை இத்தகைய நிலையங்களுக்கு உயிர்நாடி. எல்லையோர பஃபலோ நகரின் பொது நிலையம் தன் பெயரிலேயே டொரண்டோவைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஸ்பொகேன் நிலையத்துக்குக் கனடாவின் கால்கரியிலும் எட்மன்டனிலும் ரசிகர்கள். டொரண்டோவில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் பலருக்கும்கூட பஃபலோவின் 17ஆம் அலைவரிசை பழக்கமானதாகவே இருந்திருக்கும்.

நன்கொடை வசூல் வாரத்தில் இந்த நிலையங்களைப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியை நடுவில் நிறுத்திவிட்டு இருவர் வந்து நிற்பார்கள். பின்னால் வரிசையாகத் தொலைபேசிகள், தன்னார்வலர்கள். இவ்வளவு தந்தால் துணிப்பை, இவ்வளவு தந்தால் குறுந்தகடு என்று ஏலம் போடாத குறை. மான்ட்ரியால்காரர் தொலைபேசியை எடுப்பது எதற்காக? பிரிட்டிஷ் நாடகத்துக்காக, நல்ல ஆவணப்படத்துக்காக. பிளாட்ஸ்பர்க் இருக்கும் கிளின்டன் மாவட்டத்தின் பள்ளி வரவு செலவுக்காக அல்ல. ஆனால் அந்தப் பணம்தான் ‘மவுன்டன் லேக் ஜர்னல்’ போன்ற உள்ளூர்ச் செய்தி நிகழ்ச்சிக்கும் சேர்த்துத் துணைநிற்கிறது. அயல்நாட்டானின் நாடக மோகம், அடிராண்டாக் மலையோரக் கிராமங்களின் அரசியல் விவாதத்துக்குப் படியளக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. அருமையான ஏற்பாடு, ஆனால் ஆட்டம் காணக்கூடிய ஏற்பாடு.

கனடா அரசு எல்லையோர அமெரிக்க நிலையங்களைச் சும்மா விட்டுவைக்கவில்லை. அவற்றில் விளம்பரம் கொடுக்கும் கனடிய நிறுவனங்களுக்கு இருந்த வரிச்சலுகையை 1976இல் பறித்தது. வணிக நிலையங்களுக்கு அது பலத்த அடி. விளம்பரச் சந்தையில் இல்லாததால் பொது நிலையங்கள் தப்பின. ஆனால் அவற்றின் நன்கொடைக்கும் சட்டச் சிக்கல் வந்தது. நன்கொடையாளருக்கு வரிவிலக்கு கிடைக்க வேண்டுமானால் கனடாவில் பதிவான அறக்கட்டளை தேவை. ஏரியின் எதிர்க்கரையில் உள்ள வெர்மான்ட் நிலையத்துக்காகக் கியூபெக்கில் அப்படி ஒன்று இருந்தது. பணத்தின் மீது அதற்கு உண்மையான கட்டுப்பாடு இல்லை என்று கூறி வரித்துறை பதிவை ரத்து செய்ய முனைந்தது; கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் வரித்துறை பக்கமே நின்றது. போதாதற்கு நாணய மதிப்பு வேறு. 2007 செப்டம்பரில் கனடிய டாலரும் அமெரிக்க டாலரும் சமம். 2016 ஜனவரியில் கனடிய டாலர் 70 சென்ட்டுக்கும் கீழே. மான்ட்ரியாலில் ஒருவர் மாறாமல் நூறு டாலர் தந்தாலும் பிளாட்ஸ்பர்க் கணக்கில் முப்பது டாலர் காணாமல் போகும்.

இந்த ஊசலாட்டத்துக்கு நடுவே நிலையான ஊன்றுகோலாக இருந்தது வாஷிங்டன் நிதி. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு, அன்றாட அரசியல் தொடாமல் இருக்கட்டும் என்று ஈராண்டு முன்கூட்டியே நிதி ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் அப்படி ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. கீழவையில் 216க்கு 213. நிலையங்களுக்கு மக்களே தரலாமே, எதற்கு வரிப்பணம் என்பது இந்த நிதிவெட்டை ஆதரித்தோரின் கேள்வி. பெருநகரத்துக்கு அது பொருந்தலாம். எல்லையோரத்தில் அந்த வாதம் விபரீதமாகத் திரும்புகிறது: இங்கே தரக்கூடிய மக்கள் பெரும்பாலும் வேறு நாட்டவர். அவர்களுக்கு அமெரிக்கத் தேர்தலில் வாக்கில்லை, நிதிவெட்டை எதிர்த்துக் கடிதம் எழுத அங்கே அவர்களுக்கென்று உறுப்பினரும் இல்லை. அதே 2025இல்தான் அமெரிக்காவுடனான இறக்குமதி வரிச் சண்டையும் கனடாவை ‘51ஆவது மாநிலம்’ என்று அழைத்த எகத்தாளமும் அவர்களைச் சீண்டின. கியூபெக் மதுக்கடைகள் அமெரிக்கச் சரக்கையே அலமாரியிலிருந்து இறக்கிவிட்ட நேரம் அது. அந்த மனநிலையில் இருப்பவரிடம் போய், எங்கள் அரசு கைவிட்டுவிட்டது, நீங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இணையமும் கைகொடுக்காது. நிகழ்ச்சி உரிமைகள் நாடுவாரியாக விற்கப்படுகின்றன. மலையிலிருந்து போகும் அலை எல்லையைக் கடக்கும், செயலியில் உள்ள நாடகம் பல நேரம் கடக்காது. கேபிளைத் துண்டித்துவிட்டுச் செயலியை மட்டும் நம்பும் மான்ட்ரியால் இளைஞர் நிலையத்திடமிருந்தும் துண்டிக்கப்படுகிறார்.

எனவே நிலையம் வாழ்வதற்காக இன்னும் வடக்கே சாயும். அதைக் குறை சொல்ல முடியாது. பாதிக்கப்படுவது நாடகம் அல்ல. உள்ளூர் நிருபரும் ஒளிப்பதிவாளரும்தான். ஒளிபரப்பு உரிமமோ உள்ளூர்ச் சமூகத்துக்குப் பணி செய்யவே தரப்பட்டது. அந்தச் சமூகத்தின் பிரச்சினைகளைப் பற்றி என்ன ஒளிபரப்பினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்பது விதி. பட்டியலில் எழுத நிகழ்ச்சி வேண்டுமே. நியூயார்க் மாநில அரசு பொது ஒளிபரப்புக்கு ஏற்கெனவே உதவி தருகிறது. அதில் எல்லையோர, மலையோர நிலையங்களின் செய்திப் பிரிவுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, வேறெதற்கும் செலவிடக் கூடாது என்று சொல்லிவிடலாம். நாடகத்துக்கான பணத்தை மான்ட்ரியால் பார்த்துக்கொள்ளும்.