‘எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே!’

2023 செப்டம்பரில் கிறிஸ் ஹாய் மருத்துவரிடம் போனது தோள்வலிக்காக. சைக்கிள் பந்தயத்தில் ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர். அப்போது வயது 47. உடற்பயிற்சியில் எங்கோ சுளுக்கிக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தார். ஸ்கேன் எடுத்தால் தோளில் கட்டி. அதன் பிறப்பிடத்தைத் தேடிப் போனதில் புரோஸ்டேட் சுரப்பியில் வந்து நின்றது. எலும்புகளுக்குப் பரவிவிட்ட புற்றுநோய். கட்டுப்படுத்தலாம், குணமாக்க முடியாது. அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதே நோய் வந்திருந்தது.

புரோஸ்டேட் புற்று என்றதும் ஆண்களுக்கு நினைவு வருவது சிறுநீர்தான். இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டும், முக்கி முக்கி நின்றாலும் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும், எரிய வேண்டும். இதெல்லாம் இல்லையா? அப்படியானால் நமக்கென்ன! நோய் வந்தால் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற இந்த நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் உண்டு. வளர்த்துவிட்டதில் மருத்துவத் துறைக்கும் பங்கு உண்டு. விழிப்புணர்வுத் துண்டறிக்கைகள் பலவற்றில் அறிகுறிப் பட்டியல் சிறுநீரில்தான் தொடங்குகிறது.

உடம்பின் அமைப்பே இந்த நம்பிக்கைக்கு எதிராக இருக்கிறது. கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதான இந்தச் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. வயதானால் குழாயை ஒட்டிய உட்பகுதி வீங்கும். அது புற்றல்ல, சாதாரண வீக்கம். குழாயை நெரிப்பது பெரும்பாலும் அதுதான். புற்றோ பத்தில் ஏழு பேருக்கு வெளிப்புற ஓரத்தில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் முளைக்கிறது. குழாய்க்கும் அதற்கும் நடுவே போதிய இடைவெளி. கட்டி வளர்ந்து, சுரப்பியின் உறையைத் தாண்டி, எலும்புவரை போய்விட்டாலும் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் பேராசிரியர் வின்சென்ட் ஞானப்பிரகாசமும் அவருடன் இருவரும் 2022இல் ‘பிஎம்சி மெடிசின்’ இதழில் இதைத்தான் எழுதினார்கள். சிறுநீர்த் தொந்தரவையும் புரோஸ்டேட் புற்றையும் முடிச்சுப் போடுவதற்குச் சான்றில்லை. அந்த முடிச்சே ஆண்களைத் தாமதமாக வரவைக்கிறது என்பது அவர்கள் வாதம். பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பேரைக் கொல்லும் நோய் இது.

அங்கே நடைமுறையும் விசித்திரமானது. ஐம்பது வயதான எந்த ஆணும் குடும்ப மருத்துவரிடம் கேட்டு, புரோஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் அறிகுறி இல்லாதவரிடம் மருத்துவர் தாமாகப் பேச்செடுக்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். ‘தொந்தரவு வந்தால் கேட்போம்’ என்று இவர் இருக்கிறார். ‘கேட்டால் சொல்வோம்’ என்று அவர் இருக்கிறார்.

பரிசோதனையை எதிர்ப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. புரோஸ்டேட் ஆன்டிஜென் ஒன்றை 1970இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லினே, 2010இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் பி.எஸ்.ஏ.வை மக்கள் மீது கண்மூடித்தனமாகப் பிரயோகிப்பதைக் கடுமையாகச் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பி.எஸ்.ஏ. கூடியவர்களில் நாலில் மூன்று பேருக்குப் புற்று இருக்காது. அளவு சரியாக இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு இருக்கலாம். ஒரு காலத்தில் எண் கூடியதும் பயாப்ஸி ஊசி, ஊசியில் எதுவும் தென்பட்டதும் கத்தி என்று போனார்கள். வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கக்கூடிய கட்டிக்காகச் சிறுநீரை அடக்கும் திறனையும் ஆண்மையையும் இழந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இல் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 2018இல் இறங்கிவந்து, 55 முதல் 69 வயதுவரை மருத்துவரிடம் பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்றது.

ஆனால் அந்தக் கோபம் பழைய நடைமுறைக்கு எதிரானது. இப்போது எண் கூடினால் முதலில் எம்.ஆர்.ஐ.; அதற்குப் பிறகுதான் பயாப்ஸி. எம்.ஆர்.ஐ.யை முன்னால் வைத்தால் நாலில் ஒருவருக்கு மேல் ஊசியிலிருந்து தப்பிக்கலாம் என்று 2017இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. புற்று தெரிந்தாலும் உடனே வெட்டவேண்டும் என்றில்லை. சுரப்பிக்குள்ளேயே நின்ற புற்றுடைய 1,643 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில், கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். எட்டு ஐரோப்பிய நாடுகளில் 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் கணக்கு 2025இல் வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் வரும் மரணம் 13 சதவீதம் குறைவு, 456 பேரை அழைத்தால் ஓர் உயிர். பெரிய எண் இல்லைதான். எல்லா ஆண்களையும் ஒன்றாகக் கூட்டிப் போட்ட சராசரி அது.

எல்லா ஆண்களும் ஒன்றல்லவே. இங்கிலாந்தில் வெள்ளையரில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் புற்று வருகிறது. கறுப்பின ஆண்களில் நாலில் ஒருவருக்கு. தெற்காசியர் உள்ளிட்ட ஆசியரில் பதின்மூன்றில் ஒருவருக்குத்தான். ‘நம்மாளுக்கு இது குறைவு’ என்று அங்குள்ள தமிழர் ஒருவர் நிம்மதியாகிவிடவும் முடியாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் கோளாறு இருந்தால் நோய் சீக்கிரம் வரும், மூர்க்கமாகவும் வரும். அது அம்மா வழியிலும் இறங்கும். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்த செய்தியைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கும் ஆண், தன் ஜாதகத்தின் முதல் பக்கத்தையே கிழித்துப் போடுகிறார்.

அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த லாயிட் ஆஸ்டின் கறுப்பினத்தவர். அவருக்குப் பி.எஸ்.ஏ.வை வழக்கமாகப் பார்த்துவந்தார்கள். 2023 டிசம்பரில், எழுபது வயதில், எண் மாறியது. புற்று ஆரம்ப நிலையிலேயே அகப்பட்டது. அந்த மாதமே அறுவை. பிறகு தொற்று வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்ததையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் குணமாகும் வாய்ப்பு மிக நன்று என்று மருத்துவர்களால் சொல்ல முடிந்தது. ஹாய்க்கு அப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவில், பி.ஆர்.சி.ஏ. கோளாறு உறுதியான ஆண்களை மட்டும் 45 வயதிலிருந்து 61 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைக்கலாம் என்றது. கறுப்பின ஆண்களும் குடும்பத்தில் நோய் கண்டவர்களும் அதில் இல்லை. கறுப்பின ஆண்களைப் பற்றிப் போதிய ஆய்வுத் தரவு இல்லை என்பது ஒரு காரணம். இத்தனை காலம் ஆய்வுகளில் அவர்களைப் போதிய அளவு சேர்க்காததால் வந்த பற்றாக்குறை, இப்போது அவர்களுக்கே எதிராக நிற்கிறது. அதைச் சரிசெய்யவும் 4.2 கோடி பவுண்டில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற புரோஸ்டேட் பரிசோதனை ஆய்வு தொடங்கியிருக்கிறது. அழைக்கப்படுபவர்களில் பத்தில் ஒருவராவது கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதில் யாரும் தாமாகப் போய்ச் சேர முடியாது. அழைப்புக் கடிதம் வர வேண்டும். முடிவுகள் வர ஆண்டுகள் ஆகும். அதுவரை, அப்பாவுக்கு வந்தது என்று சொல்லிப் பரிசோதனை கேட்க வேண்டியவர், ஒரு தொந்தரவும் இல்லாத அந்த மகன்தான்.