புவியியல் பட்டமும் மூணு வட்டியும்

திருச்சியில் நம் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்ட நம்மவர்களே கூட்டிய கூட்டம் அது. மேடையேறிய தோழர் வங்கி வேலைக்காரர், முதல் தலைமுறைப் படிப்பாளி. போர்டில் கோடு கிழித்து ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு என்று எழுதினார். செலவை வரவு தாண்டாத படிப்பெல்லாம் வேஸ்ட் என்றார். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது புவியியல். “மேப் வரைஞ்சா சோறு கெடைக்குமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் புவியியல் படித்தவள்.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியையும் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் அவள் வீடு. அம்மா சித்தாள் வேலை. கல்லூரியில் குடியிருப்புப் புவியியல் பாடத்துக்கு வாத்தியார் ஸ்ரீரங்கத்தைத்தான் உதாரணம் சொன்னாராம். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சதுரம் போட்டு, இதுதான் கோயில் நகரம் என்றாராம். “எங்க தெரு எந்தச் சதுரத்துல சார்?” என்று இவள் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. சாக்பீஸ் ஏழாவது மதிலோடு நின்றுவிட்டது.

கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் அவள் கணக்கைக் கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னாள்.

சுயநிதிப் பிரிவில் வருசத்துக்குப் பதினெட்டாயிரம் கட்டணம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் போட்ட அரசாணை 92 இருக்கிறது. கல்லூரிக் கவுண்டரில் அது செல்லவில்லை. “மொதல்ல கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் வாங்கிக்க” என்றார்களாம். வங்கிக்குப் போனால், கலைப் பட்டத்துக்கா கடன் என்று மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். நாலு லட்சம் வரை ஈடில்லாமல் கல்விக் கடன் என்பதெல்லாம் விளம்பரத் தட்டியோடு சரி. அம்மா நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்கினாள். மாசம் 540 வட்டி. உதவித்தொகை கைக்கு வரப் பத்து மாசம். 5,400 ரூபாய் போயிற்று. மூணு வருசத்துக்கு 16,200.

இந்த 16,200 எதன் விலை? படிப்புக்கு இதில் ஒரு பைசா கிடையாது. கல்வி இலவசம் என்று சொன்ன அரசு பணத்தை அனுப்பத் தாமதித்த பத்து மாசத்துக்கு ஒரு சித்தாள் கட்டிய வட்டி இது. அதே வகுப்பில் உத்திர வீதிப் பையனும் படித்தான். அவன் அப்பா ஜூன் மாசமே சம்பளத்திலிருந்து கட்டிவிட்டார். அதே பாடம், அதே பட்டம். அவன் செலவுப் பத்தியில் வட்டி என்ற வரியே வராது. தோழர் போர்டில் கிழித்த கோடு அவனுக்குத்தான் பொருந்தும்.

வரவைப் பார்ப்போம். பள்ளி வாத்தியார் வேலை என்றால் பி.எட். வேண்டும். 2015 முதல் அதற்கு ரெண்டு வருசம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பிறகு டெட். அதைத் தாண்டினாலும் வேலை இல்லை, இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்றது 2018இன் அரசாணை 149. இப்போது தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர், மாசம் ஒன்பதாயிரம். தோடு இன்னும் திரும்பவில்லை.

உடனே எழுத்தாளப் பெருமக்கள் சிலர் கிளம்புவார்கள். கல்விக்கு விலை பேசலாமா, அறிவல்லவா செல்வம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோற்றுக்குக் கவலையில்லாமல் ஏடு புரட்டியவர்களின் பேச்சு இது. வட்டிக்காரன் வாசலில் பைக்கை நிறுத்தும்போது அறிவை எடுத்து நீட்ட முடியாது. 2016இல் மதுரையில் பொறியியல் முடித்த ஓர் இளைஞன் கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டான். வரவு அதிகம் என்று போர்டில் எழுதப்படும் படிப்புதானே அது?

அம்பேத்கர் 1913இல் அமெரிக்கா போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருசம். பதிலுக்குப் பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். கடனை உழைத்துக் கழிக்கத்தான் 1917இல் பரோடா போனார். தங்க வீடு தர ஊரில் ஆளில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். தடியோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்த மனுசன். படிப்பில் என்ன குறை? தோழரே, உங்கள் வரவுப் பத்தியில் சாதியை எங்கே எழுதுவீர்கள்?

நம் பக்கமும் ஒரு பாக்கி இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். 1994இல் அந்த நிலத்துக்காகக் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆனால் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, பழைய சர்வே எண் எந்தப் புது எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது என்று காட்ட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. எம்.ஏ. தமிழ் படித்தவன், மனு மட்டும் நன்றாக எழுதுவேன். லால்குடிப் பக்கம் ஓர் ஊருக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது இந்தத் தங்கச்சிதான். நாலு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தாள். நாங்கள் துண்டு போர்த்தினோம், கைதட்டினோம். சம்பளம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை ஆண்டைகளிடமிருந்து நாமும் கற்றுக்கொண்டோம் போலிருக்கிறது.

டீயைக் குடித்துவிட்டுத் தயங்கியபடிதான் கேட்டாள்: “அண்ணே, அந்த மேப்புக்கு பிரிண்ட் எடுத்த காசு நானூத்தம்பது. கைமாத்தா வாங்கித்தான் கட்டுனேன். இன்னும் வரல.”